எவர்சில்வர் கொக்கிக்கு "டாட்டா"! கயிற்றிலேயே காரியத்தை முடிக்கும் படகுக்காரர்கள்

பாய்மரப் படகு பணக்காரர் விளையாட்டு என்றுதான் பலருக்கும் நினைப்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாதாரணச் சம்பளக்காரர்கள்கூட பழைய படகை மலிவாக வாங்கிவிடுகிறார்கள். வம்பு அதற்குப் பிறகுதான்!

பாய்மரத்தை இழுத்து நிறுத்தும் கம்பி, அதை முறுக்கேற்றும் திருகு, கொக்கி, கப்பி எல்லாமே உசத்தி எவர்சில்வர். கையடக்கச் சாமான்தான். ஆனால் "படகுக்கு" என்றதும் விலை எகிறிவிடும். யானை வாங்கியவர் அங்குசத்துக்கு முழிக்கிற கதை!

இதற்குப் பலர் கண்ட வழி, கயிறு.

சட்டைப் பித்தான் மாதிரி

"டைனீமா" என்று ஒரு நூல். பாலிதீன் பை இருக்கிறதே, அந்த இனம்தான். ஆனால் எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு பலம். தண்ணீரில் போட்டால் மிதக்கும்!

குழாய் போல உள்ளே வெற்றிடமாகப் பின்னிய டைனீமா கயிற்றில் ஒரு துண்டு போதும். அதைத் தனக்குள்ளேயே கோத்து ஒரு முனையில் கண்ணி; மறுமுனையில் பெரிய முடிச்சு. பித்தானைத் துளையில் மாட்டுவது போல முடிச்சைக் கண்ணியில் மாட்டினால், கொக்கி ரெடி! இழுக்க இழுக்கக் கண்ணி இறுகும். காற்றில் பாய் படபடக்கும்போது இரும்புக் கொக்கி மண்டையைப் பிளக்கும். இதனால் அந்தப் பயம் குறைவு.

திருகுக்கும் மாற்று உண்டு. மூன்று துளை போட்ட இரண்டு மரக்கட்டைகள். நடுவே கயிற்றை மாற்றி மாற்றிக் கோத்து இழுத்துக் கட்டினால் முறுக்கேறிவிடும். அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களின் பாய்மரங்கள் நின்றதே இப்படித்தான்.

நம்ம ஊர் "கட்டுமரம்"

இந்த வழியைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் வாரம் (1928-2021). 1955-56-ல், தானே கட்டிய 23½ அடி இரட்டைப் படகில் இரண்டு பெண்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்தவர். பிற்பாடு அவர் வரைந்த படகுகளில் இரண்டு உடல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களைப் போல்ட் போட்டு முடுக்காமல், பாலினேசியத் தீவுக்காரர்கள் பாணியில் கயிற்றால் வரிந்து கட்டவைத்தார்.

அந்த வகையில் 21 அடி "டிக்கி" படகு ஒன்று 1990-களில் உலகத்தையே சுற்றி வந்தது! இரட்டைப் படகுக்கு ஆங்கிலப் பெயர் "கேடமரான்". நம்முடைய "கட்டுமரம்"தான் அது. பெயருக்கு ஏற்ப, கட்டித்தான் ஓட்டினார்கள்.

உஷார்! உஷார்!

மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கினால் ஆபத்து. பாய்மரம் முறிந்து விழுந்தால் கீழே நிற்பவர் கதி?

டைனீமா வழவழப்பானது. சாதாரண முடிச்சுப் போட்டால் நழுவிவிடும். உள்ளே நுழைத்துக் கோக்கத்தான் வேண்டும். கூரான இரும்பு விளிம்பில் உராய்ந்தால் அறுந்துபோகும். சுமார் 150 டிகிரி சூட்டில் உருகியும்விடும். பல வருட வெயிலும் அதைத் தின்னும். எந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்காமல் பாய்மரத்தைத் தாங்கும் இடத்தில் கட்டவே கூடாது.

எடை தாங்கும் அளவு போடாத சாதாரண இரும்புக் கடைக் கொக்கியை அந்த இடத்தில் மாட்டுவது அதைவிட மோசம்.

அப்படியானால் எவர்சில்வரே மேலா? அதுவும் ஏமாற்றும்! கம்பி நுழைந்திருக்கும் முனைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி, வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே விரிசல் விடும். ஒருநாள் "படார்"!

கயிறு அப்படியல்ல. தேய்ந்தால் நார் நாராகப் பிரிந்து முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். புறப்படுமுன் ஒவ்வொரு கட்டையும் தடவிப் பார்த்து, நைந்ததை உடனே மாற்றுகிறவருக்குத்தான் கயிறு லாபம். சோம்பேறிக்கு எந்தச் சாமானும் லாயக்கில்லை!