குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த வேதியியல்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில், சானடோரியத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. ஒரு காலத்தில் அங்கு இயங்கிய ‘குரோம் லெதர்’ தொழிற்சாலையே ஊருக்கு இப்பெயரைத் தந்தது. ஒரு தனிமத்தின் பெயரை ஓர் ஊர் தாங்கி நிற்பது விந்தையல்லவா? குரோமியத்துக்கும் தோலுக்கும் என்ன தொடர்பு?

தோலின் முதன்மையான பொருள் கொல்லாஜன் என்னும் புரதம். அதன் மூலக்கூறில் மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு இவ்வமைப்பை 1954–55ஆம் ஆண்டுகளில் விளக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர்.

பச்சைத் தோலை ஈரத்தில் விட்டால் பாக்டீரியாக்கள் இக்கயிறுகளைச் சிதைத்துவிடும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே அது சுருங்கியும்விடும். குரோமிய உப்புக் கரைசலில் ஊறவைத்தால், குரோமிய அயனிகள் அடுத்தடுத்த சங்கிலிகளைப் பாலம்போல் இணைக்கின்றன. இதனைக் குறுக்குப் பிணைப்பு என்பர். இவ்வாறு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும்.

ஆனால் பழைய முறையில், இட்ட குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் சேராமல் கழிவுநீரோடு போய்விடும். வேலூர்ப் பகுதியில் தோல் கழிவுகள் நிலத்தடி நீரைக் கெடுத்ததால், 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. அடையாற்றில் 1948இல் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், குரோமியம் ஏற்றும் கட்டத்தில் நீரே சேர்க்காத ஒரு முறையைப் பின்னாளில் உருவாக்கினர்.

அந்நிறுவனத்தார் செய்த மற்றொரு பணி மருத்துவத்தைச் சார்ந்தது. கால்நடைத் திசுக்களிலிருந்து கொல்லாஜனைப் பிரித்துத் தூய்மை செய்து, தீக்காயங்களை மூடும் மெல்லிய தாள்களாக்கினர்.

இங்கே தேவை நேர்மாறானது. செருப்புத் தோல் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். காயத்தை மூடும் தாளோ, புதுத் தோல் வளரும்வரை நின்று, பிறகு உடலின் நொதிகளால் சிதைந்து மறைய வேண்டும். பிணைப்புகள் குறைந்தால் தாள் முன்னதாகவே கரைந்து காயம் திறந்துகொள்ளும். மிகுந்தால் வேண்டாத பொருளாகத் தங்கிவிடும். எத்தனை பிணைப்புகள், அவற்றை எப்பொருளால் இடுவது, அப்பொருள் உடலுக்கும் நீருக்கும் தீங்கு செய்யுமா என ஆய்ந்து முடிவு செய்வதே பொருள்களை வடிவமைக்கும் வேதியியலாரின் தொழில்.

மாணவர்களே! இத்தொழிலுக்கு வேதியியலோடு இயற்பியலும் உயிரியலும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்துக்கெனவே பட்டப்படிப்பு உண்டு. வேதியியலில் முதுகலை பயின்று ஆராய்ச்சி வழியாகவும் இத்துறைக்கு வரலாம். ரப்பரில் கந்தகம் சேர்த்து வலுவூட்டுவதைப் படித்திருப்பீர்கள். அங்கும் நிகழ்வது குறுக்குப் பிணைப்பே. கந்தகம் கூடக்கூட ரப்பர் ஏன் கெட்டியாகிறது? இப்போது உங்களாலேயே விடை கூற முடியும்.