முதுகில் ஒரு சக்கரம்

ஜீப்பின் பின்னால் தொங்கும் ஸ்டெப்னி நகரத்தில் மோகம், மலையில் தேவை. சட்டம் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கிறது.

ஊர் கர்நாடகத்தில். வீட்டுக்குள் பேச்சு தமிழில். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து, அந்த ஆண்டு உருவான சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போன மார்டள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் சீக்கிரமே காடு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலை. இன்னொரு பக்கம் நால்ரோடு, கர்க்கேகண்டி வழியாக பர்கூர், அந்தியூருக்கு இறங்கும் சாலை. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் பெயர் பத்திரிகையில் வந்தால் கூடவே வீரப்பன் பெயரும் வரும். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்படும்வரை இந்த மலைகளில் காக்கி ஜீப்புகள் அலைந்தன. அவை போய்விட்டன. ஜீப் மட்டும் போகவில்லை.

போகவும் முடியாது. மாதேஸ்வரன் மலைக் காட்டுக்குள் இண்டிகநத்தா, மெந்தாரே, துளசிகெரே, படசலநத்தா என்று சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குத் தார்ச் சாலை என்பது நெடுநாள் கனவு. 2024 ஏப்ரல் 26 அன்று மக்களவைத் தேர்தலில் சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் கேட்டு இண்டிகநத்தா மக்கள் ஓட்டுப் போட மறுத்தார்கள். சமாதானம் பேச வந்த அதிகாரிகளோடு தகராறு முற்றி, வாக்குச் சாவடி சூறையாடப்பட்டு, இயந்திரம் உடைந்தது. மூன்று நாள் கழித்து மறு வாக்குப்பதிவு. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2022-ல், வனத்துறையே 'ஜன வன சாரிகே' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்குமாக இந்த மலைப்பாதைகளில் வண்டி ஓட்ட ஆரம்பித்திருந்தது.

இப்படிப்பட்ட பாதையில் ஜீப்பின் முன்பக்கத்தை விட முக்கியமானது பின்பக்கம். ராகி மூட்டை ஏறுவது அந்த வழியாக. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைப் படுக்க வைத்து ஏற்றுவது அந்த வழியாக. உள்ளே இடம் இல்லாதபோது நாலு பேர் பம்பர் மீது கால் வைத்து, கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வருவதும் அங்கேதான். பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது ஸ்டெப்னி.

பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்ட காலத்தில், 1904 வாக்கில், அந்தத் தெருவிலிருந்து டேவீஸ் சகோதரர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு சக்கரத்தைத் தயாரித்து விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் மீது இதை மாட்டி முறுக்கிவிடலாம். அந்தக் கருவி காணாமல் போய்விட்டது. தெருவின் பெயர் மட்டும் இந்திய மெக்கானிக்குகளின் வாயில் நூறு வருடத்துக்கு மேலாக உயிரோடு இருக்கிறது.

அந்த ஸ்டெப்னியை எங்கே வைப்பது என்ற கேள்வி ஜீப்போடு கூடப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்புக்குப் பின்கதவே கிடையாது. சிப்பாய்கள் பக்கவாட்டில் தாவி ஏறிவிடுவார்கள். எனவே பின்பக்கத் தகட்டில் ஒரு பாதியில் ஸ்டெப்னி, மறு பாதியில் பெட்ரோல் கேன். போர் முடிந்து 1945-ல் விவசாயிகளுக்கென்று அதே ஜீப் விற்பனைக்கு வந்தபோது சாமான் ஏற்றப் பின்கதவு வேண்டியிருந்தது. கதவு வந்ததும் சக்கரம் இடத்தைக் காலி செய்து வண்டியின் விலாவுக்குப் போனது. இந்தியாவில் மகிந்திரா தயாரித்த பழைய ஜீப்புகளிலும் விலாவில் தொங்கும் அந்தச் சக்கரத்தைப் பலர் பார்த்திருப்பார்கள்.

பிறகு சக்கரம் மறுபடியும் முதுகுக்கே வந்தது, இந்த முறை கதவின் மீதே ஏறி. மாருதி ஜிப்சி, மகிந்திரா பொலீரோ, 2020-ல் வந்த புதிய தார் எல்லாவற்றிலும் பக்கவாட்டில் திறக்கும் பின்கதவில் ஸ்டெப்னி உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி தருகிற அளவுச் சக்கரம் வரை இதில் தகராறு இல்லை. அந்த எடைக்குத்தான் கதவையும் கீலையும் செய்திருக்கிறார்கள். தகராறு ஆரம்பிப்பது, கரடுமுரடான பாதைக்கென்று சொந்தக்காரர் பெரிய டயர் போடும்போது. நாலு சக்கரம் பெரிதானால் ஐந்தாவதும் பெரிதாகத்தானே வேண்டும்?

கணக்கு எளிது. 30 கிலோ எடையுள்ள சக்கரத்தின் நடுப்பகுதி கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொங்குகிறது, இரண்டு கீல்களுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேல் கீலைப் பிடுங்கி இழுக்கும் விசை சுமார் 37 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போதே இவ்வளவு. பள்ளத்தில் இறங்கி ஏறும் குலுக்கலில் அது மூன்று மடங்கானால் 110 கிலோவைத் தாண்டுகிறது. சக்கரம் 45 கிலோவானால் 170-ஐ நெருங்குகிறது. இப்படி ஒரு தடவை அல்ல, ஒரு நாளில் ஆயிரம் தடவை. அதோடு ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆசாமியின் எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். முதலில் கதவு கடகடவென்று சத்தம் போடும். பிறகு பூட்டு சரியாக விழாது, தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். அடுத்தது கீலைச் சுற்றியுள்ள தகட்டில் மயிரிழை விரிசல். பெயின்ட் உரிந்து அந்த இடத்தில் துருக்கோடு தெரியும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்.

இதற்குப் பட்டறைகள் கண்ட பதில்தான் சக்கரம் தாங்கும் பின் பம்பர். கதவின் மீது சுமையே கூடாது, எல்லாம் சேஸிஸ் மீது இறங்க வேண்டும் என்பது அதன் சித்தாந்தம். தடித்த இரும்புத் தகட்டை வளைத்து, வெல்டிங் செய்து, சேஸிஸின் இரண்டு தண்டுகளிலும் போல்ட் போட்டு முறுக்குகிறார்கள். பம்பரின் ஒரு கோடியில் செங்குத்தாக ஒரு ஸ்பிண்டில். அதில் மேலும் கீழும் பேரிங். அந்த ஸ்பிண்டிலைச் சுற்றிக் கதவு மாதிரியே திறக்கும் ஒரு கை. அந்தக் கையில் ஸ்டெப்னி. முதலில் கையை விலக்க வேண்டும், பிறகு கதவைத் திறக்கலாம். ஒரு வேலை கூடுதல்தான். ஆனால் கதவு இப்போது வெறும் கதவு.

சூட்சுமம் ஸ்பிண்டிலில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. மீதி, மறு கோடியில் இருக்கும் பூட்டில் இருக்கிறது. கை மூடியிருக்கும்போது அதன் நுனி பம்பரின் மீது ஒரு மேடையில் ஏறி உட்கார்ந்து இறுக வேண்டும். அப்போது எடையை இரண்டு முனைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்பிண்டில் தனியாகச் சுமப்பது கை திறந்திருக்கும் சில நிமிடங்கள் மட்டுமே. மேடை வைக்காமல் வெறும் கொக்கி மட்டும் மாட்டினால் கதவின் நோய் பம்பருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். சரிவில் வண்டி நிற்கும்போது திறந்த கை தானாக ஆடி வந்து ஆளை அடிக்காமல் இருக்க ஒரு தடுப்பு முள்ளும் வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தேங்காமல் அடியில் ஓட்டை போட வேண்டும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள். நல்ல பட்டறைக்கும் மோசமான பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் இவற்றில்தான் தெரியும். போல்டுக்குச் சோம்பல்பட்டுச் சேஸிஸிலேயே வெல்டிங் வைப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பது உத்தமம். சூடுபட்ட இடத்தில் சேஸிஸ் பலவீனமாகி, பிற்பாடு அங்கேதான் விரிசல் விடும்.

பம்பருக்கு விலையும் உண்டு. பணத்தில் அல்ல, எடையில். பம்பரும் கையும் சேர்ந்து 50 கிலோ பக்கம் வந்துவிடும். அந்த 50 கிலோவும் பின் அச்சுக்குப் பின்னால். பட்டைச் சுருள் தாழும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டீயரிங் லேசாகிப் பிடி தளரும். மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டியின் வால் தரையில் இடிக்காமல் இருக்கக்கூடிய கோணம் தார் வண்டிக்குச் சுமார் 37 டிகிரி. கொஞ்சம் தாழ்வாக மாட்டப்பட்ட பம்பர் அதில் கையை வைத்துவிடும். மேட்டில் ஏறுவதற்கென்று மாட்டியதே மேட்டில் இடிப்பதைப் பந்தயங்களில் பார்க்கலாம். இன்னொரு கையில் பெட்ரோல் கேன் மாட்டுகிற வழக்கமும் இருக்கிறது. பின்னால் ஒரு லாரி வந்து முட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நகரத்தில் இந்தக் கணக்குகளை யாரும் போடுவதில்லை. அங்கே ஸ்டெப்னி ஓர் ஆபரணம். ஃபோர்டு கம்பெனி 2013-ல் இகோஸ்போர்ட் காரைக் கொண்டுவந்தபோது சேறே பார்க்காத அந்த நகரத்துக் காருக்கும் முதுகில் ஒரு சக்கரம் இருந்தது, காட்டுக்குப் போகிற தோரணைக்காக. 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தி, டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் சாதனமும் இருந்தால் சிறிய பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்றது. அடுத்த மார்ச்சில் அதே காரின் ஒரு மாடலிலிருந்து சக்கரம் இறங்கிவிட்டது. நெடுஞ்சாலைக்கு அது நியாயமான விதி. ஆணி குத்திய ஓட்டையைப் பசை அடைத்துவிடும். மலைப்பாதையில் கூரிய கல் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும்போது எந்தப் பசையும் உதவாது. அங்கே ஐந்தாவது சக்கரம் இல்லாத வண்டி நடுக்காட்டில் நிற்கும், யானை நடமாட்டம் தொடங்கும் நேரத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முன்பக்க இரும்புக் காப்புகளை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது.

கறாருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கம்பெனி பம்பர் மோதலில் நசுங்க வேண்டும் என்றே செய்யப்படுகிறது. நசுங்கும்போது அடியின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. நசுங்காத இரும்பு பம்பர் அந்த அடியை நேராகச் சேஸிஸுக்கும், அதன் வழியாக உள்ளே இருப்பவர் முதுகுக்கும் அனுப்பும். அதன் கூர்முனை பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முழங்காலுக்கு நேராக நிற்கிறது. பெரிய சக்கரம் நம்பர் பிளேட்டையும் பிரேக் விளக்கையும் மறைப்பது இன்னொரு தொல்லை. போலீஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஆனால் தோரணைக்காக மாட்டிய பம்பரையும் கீல் கிழிந்த கதவைக் காப்பாற்ற மாட்டிய பம்பரையும் சட்டத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதும் உண்மை. வேறு நாடுகள் பிரித்துப் பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவில் வாகன மாற்றங்களுக்கென்றே தேசிய வழிகாட்டி நூல் இருக்கிறது. பெரிய மாற்றமானால் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் சோதித்துச் சான்று தருகிறார். ஜெர்மனியில் டி.யூ.வி. ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மாற்றம் வண்டியின் பத்திரத்தில் ஏறிவிடுகிறது. இந்தியாவுக்கும் இது புதிதல்ல. பெட்ரோல் காரில் சி.என்.ஜி. கிட் மாட்டுவதை இதே 52-வது பிரிவு அனுமதிக்கிறது, கிட் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால். உடல் ஊனமுற்றோருக்காக வண்டியை மாற்றவும் வழி விட்டிருக்கிறது. புனேயிலும் மானேசரிலும் வாகனச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு நல்ல பட்டறை தன் பம்பரை அங்கே கொண்டுபோய் மோதிப் பார்த்து முத்திரை வாங்கிக்கொள்ள ஒரு வழியை வகுப்பது ராக்கெட் விஞ்ஞானமல்ல. எரிவாயு சிலிண்டரை நம்பிக் காருக்குள் வைக்கச் சம்மதித்த அரசு, ஒரு சக்கரத்தைத் தொங்கவிடுவதற்கு இவ்வளவு தயங்குவது விசித்திரம்.

அதுவரை மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குக் கைவசம் உள்ள வழிகள் பழையவைதான். டயரைக் கம்பெனி அளவுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வது. வாரம் ஒரு முறை கீல் போல்டுகளை இறுக்குவது. கதவின் ரப்பர் கட்டை தேய்ந்தால் உடனே மாற்றுவது. குலுக்கலைப் பாதி வாங்கிக்கொள்வது அதுதான். பின்னால் தொங்குகிறவர்களை ஸ்டெப்னியை விட்டுக் கூரைக் கம்பியைப் பிடிக்கச் சொல்வது. சிலர் சக்கரத்தைக் கதவிலிருந்து கழற்றி வண்டிக்குள்ளேயே இரண்டு இருக்கைகளுக்கு நடுவே படுக்கப் போட்டுவிடுகிறார்கள். கதவு லேசாகிறது, கீல் பிழைக்கிறது. உள்ளே ஏறுபவர்கள் டயர் மீதே காலை வைத்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நோயாளியைப் படுக்க வைக்க வேண்டி வந்தால் சக்கரத்தை இறக்கிச் சாலை ஓரத்தில் வைத்துவிட்டு, ஸ்டெப்னி இல்லாமலே மலை இறங்குகிறார்கள்.