பாதைக்கு வாட்டம் விடுகிறவர்கள்

மொட்டை மாடி போடும்போது கொத்தனார் தளத்தை ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்துப் பூசுவார். வாட்டம் விடுவது என்று அதற்குப் பெயர். வாட்டம் சரியாக இருந்தால் மழைநீர் தேங்காமல் குழாய்க்கு ஓடிவிடும். தப்பினால் சில மழைக்காலங்களிலேயே கூரை ஒழுகத் தொடங்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மலையில் சைக்கிள் ஓட்டுகிற ஆயிரக்கணக்கானோர், விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் கையுமாகக் காட்டுக்குள் போய் இந்த வாட்டத்தைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். கூலி கிடையாது. அந்தக் காட்டில் அவர்கள் நாளையும் சைக்கிள் ஓட்ட முடியுமா என்பது பெரும்பாலும் அந்தச் சாய்வைப் பொறுத்திருக்கிறது.

கதை கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில் தொடங்குகிறது. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், பருத்த டயர் கொண்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடி வாங்கி, மலையின் தீத்தடுப்புச் சாலைகளில் இறக்கி ஓட்டினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே முதல் பந்தயம் நடந்தது. சுமார் இரண்டு மைல் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். அந்தச் சைக்கிள்களில் இருந்தது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளே பிடிக்கும் பிரேக். அடிவாரத்தைத் தொடுவதற்குள் ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். மறுபடி அடைப்பது என்ற பொருளில் அந்தச் சாலைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. மறு ஆண்டே அந்த இளைஞர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஒரு சைக்கிள் சட்டகத்தைச் செய்தார். அதே கூட்டத்தைச் சேர்ந்த கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் மலைச் சைக்கிளுக்குக் கடை திறந்தார்கள். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற சைக்கிள் தொழிற்சாலையிலிருந்தே மொத்தமாக வெளிவந்தது.

அதுவரை நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் மட்டுமே புழங்கிய ஒற்றையடிப் பாதைகளில் திடீரென்று சக்கரங்கள் பாய்ந்தன. வளைவில் சத்தமில்லாமல் வரும் சைக்கிளைக் கண்டு குதிரை மிரண்டது, வயதானவர்கள் புதருக்குள் ஒதுங்கினார்கள். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. மரினில் பாதைகள் ஒவ்வொன்றாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டன. திறந்திருந்த சாலைகளிலும் மணிக்கு 15 மைல் என்று வேக வரம்பு வைத்து, வனக்காவலர்கள் ரேடார் கருவியோடு நின்றார்கள். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டப்படி காக்கப்படும் காடுகளில் சைக்கிளுக்கு இடமில்லை என்று அமெரிக்க வனத்துறை 1984இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவின் ஐந்து சைக்கிள் குழுக்கள் 1988இல் ஒன்றுகூடி, இன்று இம்பா என்று அறியப்படும் சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கியது இந்த நெருக்கடியில்தான்.

சைக்கிள் பாதையை அறுத்துவிடுகிறது என்பது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு. அதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1994இல் வெளிவந்த ஆய்வொன்றில் வில்சன், சீனி என்ற இருவர் மொன்டானாவின் மலைப் பாதைகளில் செயற்கை மழை பெய்வித்து, கரையத் தயாராகும் மண்ணை அளந்தார்கள். குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சக்கரத்தைவிட அதிக மண்ணைக் கிளறியிருந்தன. 2001இல் கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டன், ரீடர் இருவரும் காட்டுத் தரையில் 500 முறை வரை நடக்கவும் ஓட்டவும் வைத்துப் பார்த்தார்கள். செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதை வைத்துச் சைக்கிள் குற்றமற்றது என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போகிறவன் ஒரே ஓட்டத்தில் மண்ணைச் சீவிவிடுவான். ஆனாலும் பாதையின் பெரிய எதிரி காலும் இல்லை, சக்கரமும் இல்லை. தண்ணீர்தான்.

காட்டுச் சரிவில் விழும் மழை மெல்லிய படலமாகப் பரவி, சருகில் தடுக்கித் தடுக்கி மெதுவாக இறங்கும். அங்கே செங்குத்தாக ஒரு பாதை போட்டுப் பாருங்கள். பலர் மிதிக்க மிதிக்க நடுப்பகுதி அழுந்திச் சால் போலக் குழியும். பரவிப் போக வேண்டிய நீர் முழுவதும் அந்தச் சாலில் இறங்கி வேகமெடுக்கும். இந்த வேகத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்கிறது நீரியலின் பழைய விதி ஒன்று. நேற்று மணலைத் தள்ளிய ஓடை இன்று பாறாங்கல்லைத் தள்ளுகிறது. சில மழைகளில் பாதை ஓடையாகிவிடும். சேற்றுக்கு அஞ்சி ஆட்கள் ஓரமாகப் போவார்கள், அந்த ஓரமும் குழியும்.

இதற்குப் பாதை அமைப்பவர்கள் கண்ட மருந்து ஆச்சரியமான அளவுக்கு எளிமையானது. பாதை சரிவுக்குக் குறுக்காகப் போக வேண்டும். மலை நூறு அடிக்கு 16 அடி இறங்கினால், பாதை நூறு அடிக்கு 8 அடிக்குமேல் இறங்கக் கூடாது. அதாவது மலைச் சரிவில் பாதி. அதைத் தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல், பாதையோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். அடுத்தது வாட்டம். ஒரு மீட்டர் அகலப் பாதையின் வெளிவிளிம்பு, உள்விளிம்பைவிட ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும், வந்த நீர் அப்படியே மறுபக்கம் இறங்கிவிடும். ஆனால் மிதிபட்ட பாதையில் காலப்போக்கில் வாட்டம் அழிந்துபோகும். அதற்காகத்தான் மூன்றாவது ஏற்பாடு. இறங்கிக்கொண்டிருக்கும் பாதை, இருபது முதல் ஐம்பது அடிக்கு ஒருமுறை கொஞ்சம் மேலேறிவிட்டு மறுபடி இறங்க வேண்டும். தண்ணீருக்கு மேடு ஏறத் தெரியாது. மேட்டின் அடியில் வந்ததும் வெளியேறித்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். அலைபோல ஏறி இறங்கும் அந்த வளைவுகளில்தான் சைக்கிள் ஓட்டுபவருக்கு மிதக்கிற சுகம் கிடைக்கிறது. திருப்பத்துக்கு முன்னால் ஒரு மேட்டை வைத்தால் வேகம் தானாகவே குறைகிறது, பிரேக் பிடித்துச் சறுக்க வேண்டியதில்லை, எதிரே வருகிறவரும் பயப்படத் தேவையில்லை. மண்ணைக் காப்பாற்றும் வடிவமும் மனிதனுக்கு இன்பம் தரும் வடிவமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இப்படி அமைவது பொறியியலில் அடிக்கடி நடப்பதில்லை.

கனடாவின் வான்கூவர் நகருக்கு வடக்கே நார்த் ஷோர் என்று அழைக்கப்படும் மலைப்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டுகிறது. மட்கிய இலைகளாலான கருப்பு மேல்மண் கடற்பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்துச் சேறாகும். முதலில் அங்கே சேற்றைத் தாண்ட தேவதாரு இனத்து மரத்தைப் பிளந்து ஏணிப் பாலங்கள் போட்டார்கள். பெரும்பாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல், காட்டுக்குள் ஒளிந்து செய்த வேலை அது. மரம் உளுத்தது, நிர்வாகம் பாலங்களைப் பிரித்தது. 1997இல் அவர்கள் சங்கம் அமைத்து, அனுமதி வாங்கிப் பகிரங்கமாக வேலை செய்யத் தொடங்கினார்கள். இப்போது கருப்பு மண்ணை வழித்துவிட்டு, அதன் கீழிருக்கும் களியும் மணலும் சரளையும் கலந்த மண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள். அந்த மண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தங்கம். வாளியில் சுமந்து வந்து, கல் பாவி, தங்கத்தைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்குகிறார்கள். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டியுமாக உள்ள புலாஸ்கி என்ற கருவி எல்லோர் கையிலும் இருக்கும். 1910இல் அமெரிக்காவின் ஐடஹோவில் பெருங்காட்டுத்தீ சூழ்ந்தபோது, தன் ஆட்களைச் சுரங்கம் ஒன்றுக்குள் கொண்டுபோய் நாற்பது பேர் அளவில் உயிர்காத்த வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது.

மண்ணைத் தோண்டாதவனுக்கு ஓட்டவும் உரிமையில்லை என்பது அந்த உலகத்தில் வழங்கும் சொல். கடுமையான சொல்தான். ஆனால் அதிகாரியையும் நடப்பவரையும் மனம் மாற்றியதில், மேடையில் பேசிய வாதங்களைவிட இந்த வியர்வைக்குப் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஏரி மடையைச் சேர்ந்து தூர்வாரியவர்களுக்கு அந்தத் தண்ணீர்மேல் ஒரு பொறுப்பு வருமே, அது இங்கும் வருகிறது. நேற்று ஐந்து மணி நேரம் குனிந்து செப்பனிட்ட திருப்பத்தில் இன்று யாரும் சறுக்கி விளையாட மாட்டார்கள்.

பாதை கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1994இல் தொடங்கிய கிங்டம் டிரெயில்ஸ் என்ற பாதைத் தொகுப்பு, ஏறத்தாழ நூறு தனியார் நிலங்களின் ஊடாகச் செல்கிறது. நில உரிமையாளர்களின் நல்ல மனதுதான் அதன் அடித்தளம். 2019 இறுதியில் உரிமையாளர்கள் மூவர் தங்கள் நிலத்தில் சைக்கிளுக்கு இனி அனுமதியில்லை என்றதும், அங்கே புகழ்பெற்ற சில பாதைகள் மூடப்பட்டன. அதனால்தான் நடைமுறையைப் பற்றியும் ஓயாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். குதிரைக்கு எல்லோரும் வழிவிட வேண்டும், நடப்பவருக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும். ஈர மண்ணில் டயரின் தடம் பதிந்தால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும்.

தடம் பதியும் அந்த மழை நாட்களிலும் பாதைக்காரர்கள் சிலர் காட்டுக்கு வருவார்கள். சைக்கிளை விட்டுவிட்டு மண்வெட்டியோடு நடந்து வந்து, எங்கே நீர் தேங்குகிறது, எங்கே வாட்டம் போய்விட்டது என்று கொட்டும் மழையில் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். வெயிலில் இது தெரியாது. அடுத்த முறை ஏதாவதொரு குன்றில் ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது மழை பிடித்தால், நீங்களும் ஓரமாக ஒதுங்கி நின்று, தண்ணீர் பாதையைக் கடந்து போகிறதா, பாதையோடு ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள்.