ஊழியர் மறுபயிற்சியின் பயனை அறிவது எவ்வாறு?

கிராம மக்களிடையே சேவை செய்யும் ஊழியர் ஒருமுறை கற்ற கல்வி ஆயுள் முழுவதற்கும் போதியதாகாது. சுகாதார அறிவும், சட்டங்களும், உதவித் திட்டங்களும் மாறிக்கொண்டே வருகின்றன. ஆகையால் மறுபயிற்சி அவசியமென்பதில் ஆட்சேபமில்லை. அதனால் விளைந்த பிரயோஜனம் யாது என்பதே ஆராயத்தக்கது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாகாணங்களில், சமூக ஊழியர் தம் உரிமத்தைப் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் பயின்றிருத்தல் வேண்டுமென்பது விதி. மணிக்கணக்கு வருகையைக் காட்டும், தேர்ச்சியைக் காட்டாது. ஐக்கிய நாணய சங்கமொன்றைக் கொடுத்த கடன் தொகையைக் கொண்டு மட்டும் எவரும் மெச்சுவதில்லை. கடன் எவ்வாறு பயன்பட்டது, தவணைப்படி திரும்பிற்றா என்றே கேட்பர். பயிற்சிக்கும் அதுவே முறை.

1959-ஆம் ஆண்டில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு நான்கு படிகளை வகுத்தார். பயின்றோரின் திருப்தி, பெற்ற அறிவு, வேலையில் மாறுதல், முடிவான பலன் என்பன அவை.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்த அங்கன்வாடி ஊழியருக்கு, குழந்தைகளை நிறுத்து எடையை வளர்ச்சி அட்டையில் குறிக்கும் பயிற்சி அளிக்கப்படுவதாகக் கொள்வோம்.

1. வகுப்பு பயனுடையதாக இருந்ததா என்று கடைசி நாளில் வினவலாம். இது எளிது, ஆனால் இதனால் அறியக்கூடியது சொற்பம்.

2. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அட்டையில் எடையைக் குறிக்கச் செய்து ஒப்பிடலாம்.

3. சில மாதங்கள் கழித்து மையத்திற்கே சென்று, சில குழந்தைகளை மறுபடியும் நிறுத்து, அட்டையுடன் சரிபார்க்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிற்றா என்பது இங்கேதான் வெளிப்படும்.

4. எடை ஏறாத குழந்தை காலத்தில் கண்டறியப்பட்டு, ஊட்டமும் சிகிச்சையும் பெற்றதா என்று காணவேண்டும். அட்டையில் ஒரு புள்ளி தவறினால் மெலிந்த குழந்தையும் நலமுடையதாகத் தோன்றும்; உதவி வேண்டிய மாதங்கள் வீணே கழிந்துவிடும்.

இருவகை எச்சரிக்கை வேண்டும். நல்ல விளைச்சலுள்ள ஆண்டில் பயிற்சியின்றியும் எடை கூடலாம். ஆதலின் பயிற்சி பெறாத அண்டைக் கிராமங்களோடு ஒப்பிடுதல் நலம். தராசு பழுதானாலும், பதிவேடுகள் மிகுந்து நேரம் போதாவிடினும் கற்றது நடைமுறைக்கு வாராது. அப்போது ஊழியரைக் குறைகூறுவதும், மீண்டும் வகுப்புக்கு அனுப்புவதும் பயனற்றவை. தராசைச் செப்பனிடுவதே பரிகாரம்.

பயிற்சி பெற்றுத் திரும்பும் ஊழியரிடம் சங்க அங்கத்தினர் கேட்கவேண்டியவை இரண்டு: கற்றதில் எதனைச் செய்ய முடிந்தது? எஞ்சியதைச் செய்யத் தடை யாது? முதற் கேள்வியின் விடை பயிற்சியை அளக்கும். இரண்டாவதன் விடை கிராமத்தின் கடமையை உணர்த்தும்.