உஷார்! விர்ச்சுவல் மெஷினில் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தாதீர்கள்

சிறுசேரி சிப்காட்டில் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள், காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் லேப் நடத்துபவர்கள், மாமல்லபுரத்தில் லாட்ஜ் பில்லிங்கைப் பழைய விண்டோஸில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் கொஞ்சம் கவனியுங்கள். புதிதாக விர்ச்சுவல் மெஷின் உருவாக்கும்போது மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று யோசித்து யோசித்துப் போடுகிறோம். அடுத்து ‘நெட்வொர்க் அடாப்டர்’ என்று ஒரு வரி வரும். அதில் என்ன இருக்கிறதோ அதையே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நெட் வந்தால் சரி என்று விட்டுவிடும் அந்த வரியில்தான் ஆபத்து இருக்கிறது.

அங்கே உங்களிடம் கேட்கப்படுவது இரண்டு கேள்வி. உள்ளே ஓடும் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ எந்தக் கார்டு இருப்பதாகக் காட்டுவது? அந்தக் கார்டை எந்த நெட்வொர்க்கில் செருகுவது? நம் கடற்கரைப் பக்கம் அதிகம் சேதம் செய்யக்கூடியது இரண்டாவதுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் ரிசப்ஷன் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதறிவிட்டேன். விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் 7, அதற்குள் பழைய பில்லிங் சாஃப்ட்வேர். அடாப்டர் ‘பிரிட்ஜ்டு’ முறையில் இருந்தது. அப்படியென்றால் அந்த மெஷின் நேரடியாக ரூட்டரிடமே ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும். அதே ரூட்டரின் வைஃபை பாஸ்வேர்டைத்தான் அறைக்கு அறை அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். விருந்தினரின் செல்போனும் பில்லிங் மெஷினும் ஒரே நெட்வொர்க்கில், பக்கத்துப் பக்கத்து எண்ணில். பாஸ்வேர்டே இல்லாமல் ஷேர் செய்த ஃபோல்டர் வேறு. திறந்தால் பாஸ்போர்ட் நகல்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்யவேண்டும் என்பதால் ஸ்கேன் செய்து வைத்தவை. எந்த அறையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே பொதுவாக நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது விண்டோஸின் இதே ஃபைல் ஷேரிங் வழியாகத்தான். விருந்தினர் ஒருவரின் லேப்டாப்பில் அப்படி ஒன்று இருந்தால் போதும்.

உள்ளிருந்து வெளியே நெட் போனால் போதும் என்றால் ‘நாட்’ முறை வையுங்கள். நீங்களாகப் போர்ட் திறந்துவிடாதவரை வெளியிலிருந்து யாரும் உள்ளே தொடர்பு கொள்ள முடியாது. நெட்டே வேண்டாம், அதை ஓட்டும் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசினால் போதும் என்றால் ‘ஹோஸ்ட் ஒன்லி’. வேறு கம்ப்யூட்டர்கள் அதனிடம் வந்தே ஆகவேண்டும் என்றால்தான் பிரிட்ஜ்டு. அப்போதும் விருந்தினர் வைஃபை தனி நெட்வொர்க்காக இருந்தே ஆகவேண்டும்.

‘நாட்’ வைத்தாயிற்று, இனிக் கவலை இல்லை என்று லேப் ஆசிரியர்கள் நினைத்துவிடக் கூடாது. 2018 நவம்பரில் செர்கே ஜெலென்யுக் என்ற ரஷ்ய ஆய்வாளர் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஓட்டையை வெளியிட்டார். இன்டெல் புரோ/1000 எம்டி டெஸ்க்டாப் கார்டு, நாட் முறை: அதாவது நாம் எதையும் தொடாமல் விட்டால் வரும் அதே அமைப்பு. அதில், உள்ளே அட்மின் அதிகாரம் பெற்ற ஒருவரால் விர்ச்சுவல் மெஷினை உடைத்துக்கொண்டு வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டருக்கே வந்துவிட முடிந்தது. விர்ச்சுவல்பாக்ஸைத் தயாரிக்கும் ஆரக்கிள் 5.2.22 பதிப்பில் அதை அடைத்தது. உங்கள் லேபில் இருப்பது எந்தப் பதிப்பு? வைரஸ் மாதிரிகளை ஓட்டிப் பார்க்கச் சொல்லி மாணவர்களிடம் கொடுக்கிறீர்கள் என்றால், பாடம் தொடங்கும் முன் இதைப் பாருங்கள். அந்த நேரம் அடாப்டரையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

இனி முதல் கேள்வி, எந்தக் கார்டு? சிப்காட் பக்கம் விஎம்வேர்தான் அதிகம். அங்கே கேட்டால் ‘விஎம்எக்ஸ்நெட்3 போடு’ என்பார்கள். சரியான பேச்சுதான். இ1000, இ1000இ இரண்டும் பழைய இன்டெல் கார்டுகளைப் போல நடிப்பவை. நடிப்பதற்கே சிபியு நேரம் செலவாகும். விஎம்எக்ஸ்நெட்3 விர்ச்சுவல் மெஷினுக்கென்றே எழுதப்பட்டது. இ1000இ-யின் லட்சணத்தைத்தான் 2013ல் பார்த்தோமே! விஎம்வேரின் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ 5ல் விண்டோஸ் சர்வர் 2012 போட்டு, வந்த கார்டை அப்படியே விட்டவர்களுக்கு, நெட்வொர்க்கில் காப்பி செய்த ஃபைலே சிதைந்துபோகலாம் என்று விஎம்வேரே எச்சரித்தது. பிழைச் செய்தி எதுவும் வராமல் ஃபைல் கெடுவதைவிட மோசமானது என்ன இருக்கிறது?

ஆனால் விஎம்எக்ஸ்நெட்3யும் காப்புக் கவசம் இல்லை. 2025 மே மாதம் பெர்லினில் நடந்த புவ்ன்2ஓன் ஹேக்கிங் போட்டியில் அதைக் கொண்டே இஎஸ்எக்ஸ்ஐ-யை உடைத்துக் காட்டி 1.5 லட்சம் டாலர் பரிசு பெற்றார்கள். அந்த ஓட்டைக்கு சிவிஇ-2025-41236 என்ற எண்; அபாய மதிப்பெண் 10க்கு 9.3. ஜூலையில் திருத்தம் வந்தது. இன்னும் போடாதவர்கள் இன்றே போடுங்கள். இஎஸ்எக்ஸ்ஐ 7 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் அவசரம்: அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இப்போதே கார்டை மாற்றிவிடாதீர்கள். கார்டு மாறினால் விண்டோஸ் அதைப் புது ஆளாகத்தான் பார்க்கும். நீங்கள் கொடுத்து வைத்த நிலையான ஐபி பழைய கார்டோடு ஒளிந்துகொண்டிருக்கும். புதிதில் அதே எண்ணைப் போட்டால் ‘வேறு அடாப்டருக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது’ என்று மறிக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, பழையதை நீக்கினால்தான் தீரும். லினக்ஸில் இஎன்எஸ்33 என்றிருந்த பெயர் இஎன்எஸ்192 என்று மாறி நிற்கும். பழைய பெயருக்கு எழுதிய அமைப்பு ஃபைல் செல்லாது. மேக் முகவரி மாறினால், அதை நம்பி லைசென்ஸ் கொடுத்த சாஃப்ட்வேர் திறக்காது. ஆகவே ஐபி, கேட்வே, டிஎன்எஸ், மேக் நான்கையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விஎம்வேர் டூல்ஸ் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸில் அது இல்லாமல் விஎம்எக்ஸ்நெட்3க்கு டிரைவர் கிடைக்காது. வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. கார்டு போன நொடியில் உங்கள் இணைப்பும் போய்விடும். கன்சோல் கையில் இருக்கவேண்டும்.

மாற்றிய பிறகு, நீங்கள் அங்கே இருக்கும்போதே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சேமிக்காமல் விட்ட அமைப்பு ஓடும்வரை ஓடும், ரீஸ்டார்ட்டில்தான் காலை வாரும். நம் ஊரில் அந்த ரீஸ்டார்ட்டைப் பெரும்பாலும் கரண்ட்தான் செய்கிறது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு இரவில் சாலையில் மரம் விழுந்து கிடக்கும்போது, நெட்வொர்க் வராத சர்வரைப் பார்க்க யார் வருவார்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே உங்கள் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினையும் திறந்து, என்ன கார்டு, என்ன முறை என்று பார்த்துவிடுங்கள். ரிசப்ஷன் மெஷின் பிரிட்ஜ்டில் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள், இன்று இரவே அந்த முறையை மாற்றுங்கள்.