பிள்ளை என்னும் உரிமை

சிறுவர் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கும் படிவத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு. உடன் வந்தவர் பெற்றோரா, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரா என்பதே அதிலுள்ள வினா. பெரும்பாலோர் நொடியில் நிரப்பிவிடும் அக்கட்டம், குழந்தையை எடுத்து வளர்த்த கிறித்தவக் குடும்பங்களை நெடுங்காலம் தயங்க வைத்தது. வீட்டில் 'அம்மா' என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பாதுகாவலர் மட்டுமே.

காரணம் சட்டத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு உரியது. கிறித்தவர்களுக்கு எஞ்சியது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமே. அதன்படி கிடைத்த உறவு, பிள்ளை முழுவயது எய்தியதும் முடிந்துவிடும். வாரிசுரிமையும் அதனால் வாராது. இளைஞர் நீதிச் சட்டத்தில் 2006ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் இந்நிலையை மாற்றியது. எம்மதத்தவரும் இச்சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உறுதிசெய்தது. இன்று நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தத்தெடுப்பு ஆணை பெற்ற நாள்முதல் அக்குழந்தை எல்லா வகையிலும் அப்பெற்றோரின் பிள்ளை. 2022 செப்டம்பர் முதல் இவ்வாணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

ஆணை உறவை நிறுவும். அதை வளர்ப்பது அன்றாட வாழ்க்கை. மங்களூரிலும் மும்பையிலும் உள்ள கத்தோலிக்க இல்லங்களில் கிறிஸ்துமசுக்கு முன் குடும்பம் முழுவதும் கூடியமர்ந்து குல்குல் உருட்டுவது வழக்கம். மாவுருண்டையை முட்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையது. மாலைச் செபத்தில் ஒரு பகுதியைச் சொல்வதும், ஞாயிறு வழிபாட்டுக்குத் தம்பியின் காலணியைத் தேடித் தருவதும் அத்தகையனவே. இத்தகைய சிறு பொறுப்புகளில்தான் 'இது என் வீடு' என்னும் உறுதி பிள்ளையின் மனத்தில் வேரூன்றுகிறது.

விருந்தினர் கூடும் நாளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "பிள்ளைக்கு யார் சாயல்?" பெற்றோர் முகம் மாறிப் பேச்சைத் திசைதிருப்பினால், தன்னைப் பற்றி மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். தத்தெடுத்த செய்தியைச் சிறுவயதிலேயே, வயதுக்கேற்ற சொற்களில், பெற்றோர் வாயாலேயே சொல்வது நன்று. இதற்கு விவிலியமே துணைநிற்கிறது. மோசே பார்வோனின் மகளால் வளர்க்கப்பட்டவர். எஸ்தரை மகளாக ஏற்று வளர்த்தவர் மொர்தெக்காய். பின்னாளில் தம் வேர்களை அறிய விழைவோருக்குச் சட்டமும் வழி தருகிறது. 18 வயது நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அவ்விழைவைப் பெற்றோர் நன்றிகேடு என்று கருதலாகாது.

இனி, வங்கியாளர் என்ற முறையில் நாம் நினைவூட்ட விரும்புபவை சில.

முதலாவது, தத்தெடுப்பு ஆணை கைக்கு வந்ததும் பெற்றோர் பெயருடன் புதிய பிறப்புச் சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். கணக்குத் தொடங்கவும், 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் சேரவும் அதுவே அடிப்படை ஆவணம்.

இரண்டாவது, நியமனதாரர் வேறு, வாரிசு வேறு. நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். அது யாருக்குச் சேரும் என்பதைச் சட்டமோ உயிலோ தீர்மானிக்கும். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புகளுக்கு நால்வர் வரை நியமிக்கலாம். நியமிக்கப்படுபவர் சிறுவராயின், அவர் சார்பில் பணத்தைப் பெறுபவரையும் குறிப்பிடுங்கள்.

மூன்றாவதும் தலையாயதும் உயில். பழைய பாதுகாவலர் சட்டத்தின்கீழ் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பலர் இன்று நடுவயதினர். தத்தெடுப்பு ஆணை இல்லாத நிலையில், பெற்றோர் உயில் எழுதாது மறைந்தால், முகமறியா உறவினர் சொத்துக்கு உரிமை கோரக்கூடும். கடைசிவரை பணிவிடை செய்த மகளோ மகனோ வெறுங்கையுடன் நிற்க நேரிடும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி உயிலுக்கு இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சொத்தைப் பெறவிருப்பவரோ அவருடைய கணவர் அல்லது மனைவியோ சாட்சியாகக் கையொப்பமிட்டால், அவருக்கு எழுதியது செல்லாது. உயில் எழுதியவர் பின்னர்த் திருமணம் செய்துகொண்டால், அவ்வுயிலும் செல்லாததாகும். புதிதாக எழுத வேண்டும். பதிவு கட்டாயமன்று, எனினும் பின்னாளைய வழக்குகளில் அது கைகொடுக்கும்.

அத்தகைய பெற்றோர் உங்கள் குடும்பத்திலோ பங்கிலோ இருந்தால், இவ்வாரமே ஒரு வழக்கறிஞரைக் காணுமாறு சொல்லுங்கள். அன்போடு வளர்த்த பிள்ளைக்கு அந்த ஒரு தாளும் சேரட்டும்.