வளைவுப் பசுமைக்குடில்

வளைவுப் பசுமைக்குடில் என்பது, வளைத்த குழாய்களை வரிசையாக நிலத்தில் நிறுத்தி, அவற்றின் மேல் ஒளிபுகும் பாலித்தீன் தாளைப் போர்த்தி அமைக்கப்படும் எளிய பசுமைக்குடில் ஆகும். பார்வைக்குக் கூண்டு வண்டியின் கூரையை ஒத்திருக்கும். குளிர்காலம் நீண்ட வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக் கொல்லைகளில் இதனைப் பரவலாகக் காணலாம். இளவேனிலில் சில வாரங்கள் முன்னதாகவும், இலையுதிர்காலத்தில் சில வாரங்கள் பின்னதாகவும் பயிர் செய்ய இது உதவுகின்றது. குளிரைத் தடுக்கவே கட்டப்படுகின்றது எனினும், கட்டுபவர் முதலில் கணக்கிட வேண்டியது காற்றின் விசையை ஆகும்.

வரலாறு

நெகிழிப் பசுமைக்குடில்களின் முன்னோடியாகக் கருதப்படுபவர், ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த எமெரி எம்மெர்ட் ஆவார். கண்ணாடியின் விலை மிகுதியாக இருந்ததால், 1948இல் அவர் மரச்சட்டத்தின் மேல் மெல்லிய ஒளிபுகு தாளைப் போர்த்திப் பசுமைக்குடில் அமைத்தார். பின்னர் பாலித்தீன் மலிவானதும், பாரமான சட்டங்களின் தேவை குறைந்து வளைகுழாய் அமைப்பு பரவியது.

வெப்பமாகும் விதம்

உள்ளே புகுந்த வெப்பக் கதிர்கள் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்வதாலேயே பசுமைக்குடில் சூடாகின்றது என்னும் விளக்கம் பாடநூல்களிலும் காணப்படுகின்றது. இது முழுமையாகச் சரியன்று. 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களை வெளியே விடும் பாறையுப்புத் தகட்டாலும் மூடினார். இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழச் சமமாகவே உயர்ந்தது. சூடான காற்று மேலெழுந்து வெளியேறாமல் தடுக்கப்படுவதே முதன்மைக் காரணம் என்பதை இது காட்டுகின்றது.

வீட்டுத் தோட்டக்காரருக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. சாதாரணப் பாலித்தீன் தாள் வெப்பக் கதிர்களைப் பெருமளவு கடத்திவிடும். ஆகவே பகலில் உள்ளே சட்டை வியர்வையில் நனையும் அளவுக்குச் சூடு இருந்தாலும், மேகமற்ற அமைதியான இரவில் உள் வெப்பநிலை வெளி வெப்பநிலையை நெருங்கிவிடும். சில வேளைகளில் அதனினும் சற்றுக் கீழே இறங்குவதும் உண்டு. ஒற்றைத் தாளை மட்டும் நம்பித் தக்காளி நாற்றை முன்கூட்டியே நடுபவர்கள் உறைபனியில் அதனை இழப்பது இதனாலேயே.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் உள்ளன. ஒன்று, நீர் நிரப்பிய கறுப்புப் பீப்பாய்களை உள்ளே வைப்பது. 200 லிட்டர் நீர் 10 பாகை செல்சியசு குளிரும்போது சுமார் 2.3 அலகு மின்சாரத்துக்கு நிகரான வெப்பத்தை வெளிவிடும். மற்றொன்று, குடிலுக்குள் பயிரின் மேல் மெல்லிய துணிப் போர்வையை இரண்டாம் அடுக்காக இடுவது. மேய்ன் மாநிலத்தின் எலியட் கோல்மன் இம்முறையில் வெப்பமூட்டாத குடில்களில் குளிர்காலம் முழுவதும் கீரை வகைகளை அறுவடை செய்து, அதனைத் தம் நூல்களில் விளக்கியுள்ளார். அங்கு நவம்பர் தொடக்கம் முதல் பெப்ரவரி தொடக்கம் வரை பகற்பொழுது 10 மணி நேரத்துக்கும் குறைவு. அக்காலத்தில் செடிகள் வளர்வது அரிது. முன்பே வளர்ந்து நிற்பவை கெடாமல் காக்கப்படுகின்றன, அவ்வளவே.

சட்டம் அமைத்தல்

கொல்லை அளவுக் குடிலுக்கு 20 அடி நீளமுள்ள முக்கால் அங்குலப் பிவிசி குழாய்கள் பொதுவாகப் பயன்படுகின்றன. சுமார் 3 அடி நீள இரும்புக் கம்பிகளை நிலத்தில் 2 அடி ஆழத்துக்கு அறைந்து, வெளியே நிற்கும் பகுதியில் குழாயின் இரு முனைகளையும் செருகினால் வளைவு தானாக உருவாகும். குழாயின் நீளம் மாறாததால், அகலத்தைத் தெரிவு செய்தவுடன் உயரமும் முடிவாகிவிடுகின்றது. 12 அடி அகலத்துக்கு நடு உயரம் சுமார் 6.7 அடி, 10 அடி அகலத்துக்குச் சுமார் 7.5 அடி. 4 அடிக்கு ஒன்றாக 6 வளைவுகள் நிறுத்தினால் 20 அடி நீளக் குடில் கிடைக்கும். முகட்டில் நீளவாக்கில் ஒரு குழாயும், நான்கு மூலைகளில் சாய்வுத் தாங்கிகளும் இன்றியமையாதவை. இவை இல்லாவிடில் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும்.

போர்வைக்கு, புற ஊதாக் கதிர்களைத் தாங்குமாறு செய்யப்பட்ட 150 மைக்ரான் தாள் ஏற்றது. இது ஏறக்குறைய 4 ஆண்டுகள் உழைக்கும். கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தாள் ஓரிரு பருவங்களிலேயே நொறுங்கிவிடும் என்பதால் அது மலிவு போலத் தோன்றும் செலவே. பிவிசி படும் இடங்களில் பாலித்தீன் விரைவில் நலிவதால், குழாயின் மேல் நாடா ஒட்டுவது அல்லது வெளிர்நிற வண்ணம் பூசுவது வழக்கம். கடும் பனி பொழியும் இடங்களுக்குப் பிவிசி பொருந்தாது. அங்கு நாகமுலாம் பூசிய எஃகுக் குழாய்களும், பனி எளிதில் வழுக்கி விழும் கூர்முகட்டு வடிவமும் தேவை.

காற்றின் விசை

மேற்கூறிய குடிலின் குழாய்களும் தாளும் சேர்ந்து 30 கிலோகிராம் எடைகூட இரா. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்றின் இயக்க அழுத்தமோ சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோகிராம் எடைக்கு நிகரானது. வளைந்த கூரையின் மேல் காற்று விரையும்போது ஏற்படும் உறிஞ்சல் இதில் பாதி மட்டுமே என்று கொண்டாலும், 22 சதுர மீட்டர் பரப்புள்ள குடிலை மேல்நோக்கி இழுக்கும் விசை 400 கிலோகிராம் எடையைத் தாண்டுகின்றது. விமான இறக்கையும் இவ்வாறே உயர்கின்றது.

கம்பிமுளைகள் குழாயைப் பக்கவாட்டில் மட்டுமே பிடிக்கின்றன. மேல்நோக்கி இழுத்தால் குழாய் உருவிக்கொண்டு வந்துவிடும். எனவே ஒவ்வொரு வளைவையும் அடிப்பலகையுடன் பட்டையிட்டு முடுக்கி, அடிப்பலகையை மண்ணில் திருகி இறக்கிய நங்கூரங்களுடன் பிணைக்க வேண்டும். தாளின் ஓரங்களை ஓரடி ஆழ வாய்க்காலில் புதைத்து மண்ணிட்டு மிதிப்பதும் நல்ல பலன் தரும். தாள் தளர்ந்து படபடத்தால் சில வாரங்களில் கிழியும். புயல் எச்சரிக்கையின்போது கதவுகளைத் திறந்துவைப்பது தவறு. காற்று வரும் பக்கம் திறந்திருந்தால் உள்ளழுத்தம் கூடி, மேல்நோக்கிய விசையும் அதிகரிக்கும்.

காற்றோட்டம்

வெயிலுள்ள நாளில் வெளியே குளிராக இருந்தாலும் மூடிய குடிலின் உள்ளே 35 பாகை செல்சியசு எட்டுவது எளிது. அந்த வெப்பத்தில் தக்காளி மலர்களின் மகரந்தம் செயலிழந்து காய்ப்பு குன்றும். இரு பக்கத் தாள்களையும் பாய்போலச் சுருட்டி உயர்த்தும் அமைப்பே மின்சாரம் வேண்டாத சிறந்த தீர்வு.

வெப்பமண்டலத்தில்

இவ்வடிவம் தமிழகச் சமவெளிக்கு அப்படியே ஒவ்வாது; அங்கு தேவைப்படுவது நிழல்வலை. நீலகிரி, நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளிலும், உரோசா மலர் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஓசூர் வட்டாரத்திலும் பாலித்தீன் குடில்கள் பயனில் உள்ளன. அவற்றில் குளிர்த்தடுப்பைப் போலவே மழையிலிருந்து இலையையும் மலரையும் காப்பதும் முக்கிய நோக்கமாகும்.